ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

2024-இல் வந்த இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25 என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமில் டைனஸ்டி (ஒரு கல்லூரி அணியைப் பல சீசன் நடத்தும் முறை) ஆடுகிறீர்களா? பள்ளி வீரர்களை உங்கள் கல்லூரிக்கு இழுக்கும்போது, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். அது வெளியில் தெரியும் மதிப்பு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சரக்கு ஸ்கவுட்டிங் (வீரரின் திறமையை ஆராய்வது) செய்த பிறகுதான் தெரியும்.

ஸ்கவுட்டிங்கை முடித்தால் சிலருக்குப் பச்சை நிற ரத்தினக் குறி வரும். நட்சத்திரம் காட்டுவதைவிட ஆள் கெட்டி என்று அர்த்தம். சிவப்புக் குறி வந்தால் நேர்மாறு. மூன்று நட்சத்திரப் பச்சைக்காரனை, சிவப்பு விழுந்த நான்கு நட்சத்திரக்காரனுக்காக நான் விடமாட்டேன். பெரிய கல்லூரிகளின் போட்டியும் அந்த மூன்று நட்சத்திரக்காரனுக்குக் குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம், மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் தனித்தனி எண்களையும் பாருங்கள். உங்கள் ஆட்டம் ஓடும் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) நம்பியது என்றால், வேகம் குறைந்தவன் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. கார்னர்பேக்கிலும் (எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்) நான் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான்.

வளர்ச்சித் தன்மை என்று ஒன்று உண்டு, கீழிருந்து மேலாக: நார்மல், இம்பாக்ட், ஸ்டார், எலீட். ஆள் எவ்வளவு வேகமாக முன்னேறுவான் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இன்று மொத்த மதிப்பெண் 70-இல் இருக்கும் எலீட் பையன், இரண்டு சீசனில் 76-இல் இருக்கும் நார்மல் பையனைத் தாண்டிவிடலாம். முதல் வருடம் அவனைப் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

வீரர்களை இழுக்க கேமில் வாரத்துக்குக் கிடைக்கும் மணிநேரம் கொஞ்சம்தான். எல்லாரையும் ஸ்கவுட் செய்து அதைக் கரைக்காதீர்கள்.