இரண்டாவது ரைஃபிள்: பணத்தை எதில் போடுவது?

சிறு தோட்டாவைச் சுடும் .22 ரைஃபிளில் குறிபார்க்கக் கற்றாயிற்று. அடுத்து இலக்குச் சுடுதலுக்கும் மான் வேட்டைக்கும் சேர்த்து ஒன்று வேண்டும், பணமோ குறைவு. கனடாவில் உரிமம் கைக்கு வந்ததும் நான் முதலில் விசாரித்தது துப்பாக்கியின் விலையை அல்ல, தோட்டாவின் விலையை. ஆண்டுதோறும் செலவு வைப்பது அதுதான். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகை 1952 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். 6.5 கிரீட்மூர் என்ற வகை தோளை மென்மையாக உதைக்கும், காற்றுக்கும் குறைவாகவே விலகும். வேட்டையைவிட இலக்குச் சுடுதலே முக்கியம் என்பவர்கள் அதை எடுக்கலாம்.

குழலின் கனத்தில்தான் நான் தவறினேன். கனத்த குழல் சுடுதளத்தில் இருபது முறை சுட்டாலும் குறி கலையவில்லை. நவம்பர் பனியில் சுமந்து நடந்தபோது மதியத்துக்குள் கை நடுங்கியது. மெல்லிய குழல் சில குண்டுகளிலேயே சூடேறிவிடும், ஆறவிட வேண்டும். வேட்டையில் முதல் குண்டே முக்கியம். ஆகவே நடுத்தரக் கனம் போதும்.

சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற, போல்ட்டை (தாழ்ப்பாளை) கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் எளிய போல்ட் ஆக்‌ஷன் ஒன்றை வாங்கி, மிச்சத்தை நல்ல ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) அதைத் துப்பாக்கியில் பொருத்தும் பிடிகளுக்கும் செலவிடுங்கள். பழையது என்றால், தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சித் துருவையும் குழிகளையும் தேடுங்கள். குழல் வாயில் நசுங்கல் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.