பனியன் துணியில் ஓட்டை விழுந்தால்

பனியனோ டி-ஷர்ட்டோ ஸ்வெட்டரோ, எதுவானாலும் அது நெய்த துணி இல்லை. கண்ணி கண்ணியாகப் பின்னியது. எங்கள் அப்பா புதுச்சேரி முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். வேட்டி கிழிந்தால் குறுக்கும் நெடுக்கும் இழை ஓட்டி, இறுக்கித் தைத்துவிடுவார். பனியனில் அப்படி இறுக்கினால் சுருங்கிக்கொள்ளும். போட்டுக்கொண்டு ஒரு தடவை கையைத் தூக்கினால் தையலுக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை விழும்.

நூல் கடைக்கு ஓட வேண்டாம். டி-ஷர்ட்டுக்கு எம்ப்ராய்டரி நூலில் உள்ள 6 இழையில் ஒன்றைப் பிரித்தால் போதும். பாலியஸ்டர் தையல் நூல் வேண்டாம், அது துணியை விட உறுதி. நாளடைவில் பருத்தியை அறுத்துவிடும். ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும். கூர்முனை, கண்ணிக்குள் போகாமல் இழையைக் குத்திப் பிளக்கும். அடியில் வைக்க ஒரு கொட்டாங்குச்சி. நார் போக உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்த பிறகு துணிக்குள் கவிழ்த்து வையுங்கள். துணியை விரித்துப் போட்டால் போதும், இழுத்துப் பிடிக்கக் கூடாது.

ஜீன்ஸ் பட்டன் உரசி வயிற்றுப் பக்கம் மிளகளவு ஓட்டை விழுமே, அதற்கு உள்பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டையைச் சுற்றி உற்றுப் பாருங்கள். அவிழ்ந்த கண்ணிகள் வாய் திறந்து நிற்கும். பூ கோக்கிற மாதிரி ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசியை விட்டு ஒரு சுற்று வாருங்கள். ஒன்றை விட்டாலும் அங்கிருந்துதான் மறுபடி பிரியும். அப்புறம் ஓரங்கள் தொடும் வரை மட்டும் நூலை மெல்ல இழுத்து, மேலே இரண்டு மூன்று குறுக்குத் தையல் போடுங்கள். முடிச்சு வேண்டாம், மீதி நூலைத் தைத்த வழியிலேயே திரும்பக் கோத்து நறுக்கிவிடலாம்.

கண்ணி கீழ்நோக்கி ஓடி ஏணி மாதிரி நின்றால் முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசி போதும். நல்ல பக்கத்திலிருந்து, அடியில் தொங்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு, மேலே உள்ள குறுக்கிழையைப் பிடித்துக் கண்ணி வழியாக இழுங்கள். அது புதுக் கண்ணி. இப்படியே உச்சி வரை ஏறி, கடைசிக் கண்ணியை மட்டும் நூலால் தைத்து நிறுத்துங்கள்.

புதுச்சேரியில் ஸ்வெட்டர் எதற்கு என்றால், எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் பிரான்சில் சொந்தம். அவர்கள் விட்டுப்போகும் கம்பளி பீரோவுக்குள் கிடக்கும். பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதன் புழுதான் கம்பளியைத் தின்கிறது. உதறி, வெயிலில் போட்டு, அவிழ்ந்த கண்ணிகளில் ஒரு நூலைக் கோத்துவிட்டுத் துவையுங்கள். காய்ந்த பிறகு தைக்கலாம். ஓட்டையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் நல்ல துணியிலேயே தொடங்கி நெடுக்கு இழைகள் ஓட்டி, குறுக்கே ஒன்று மேல் ஒன்று கீழாகப் பின்னுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலைக் கொஞ்சம் தளர விடுங்கள்; கம்பளி விரிய அதுதான் இடம். நூலின் நிறம் பொருந்தாவிட்டால் ஸ்வெட்டரின் உள்தையலில் தொங்கும் மிச்ச இழையைப் பிரித்தெடுத்து அதில் தையுங்கள்.

ஐந்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிய ஓட்டைக்கு இப்படி இழை ஓட்டி அடைக்கிற டார்னிங் வீண் வேலை. பின்பக்கம் ஒட்டுத் துணி வைத்து, அதன் விரியும் பக்கமும் சட்டை விரியும் பக்கமும் ஒன்றாக இருக்கும்படி தளர்வாகக் குறுக்குத் தையல் போடுங்கள். கழுத்துப் பட்டை தொளதொளத்துவிட்ட பனியனை மட்டும் தைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதன் முதுகுத் துணியை வெட்டி வைத்தால் இந்த ஒட்டுக்கு ஆகும்.