‘நான்கு நர்ஸ் வேண்டும்’ என்று தொடங்காதீர்கள்

வார்டு இன்சார்ஜ் ஆன முதல் வருடம் நிர்வாகத்துக்கு ஒரு ப்ரபோசல் எழுதினேன். இரண்டரைப் பக்கம். சேவை, அர்ப்பணிப்பு, தரம் எல்லாம் அதில் இருந்தன. எண் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: நைட் டூட்டிக்குக் கூடுதலாக 4 நர்ஸ். எம்.டி. (நிர்வாக இயக்குநர்) பொறுமையாகப் படித்துவிட்டு, “போன மாசம் உங்க வார்டுல எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்துச்சு சிஸ்டர்?” என்று கேட்டார். “நிறைய சார்” என்றேன். காகிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

அன்று அவர்மேல் கோபம்தான் வந்தது. இப்போது தரப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிக் கொண்டுவருவதைப் படிக்கிறேன். அதே இரண்டரைப் பக்கம்தான் வேறு வேறு பெயரில் வருகிறது. நோயாளிகளை இன்னும் நன்றாகக் கவனிக்கப் பணம் கேட்கும்போது நாம் எங்கே சறுக்குகிறோம் என்பதைப் படுக்கைப்புண்ணையே வைத்துச் சொல்கிறேன். நோயாளி கீழே விழுவதாகட்டும், சிறுநீர்க்குழாய்த் தொற்றாகட்டும், கணக்கு ஏறக்குறைய இதே வழியில்தான் போகும்.

முதலில், தலைப்பிலேயே செய்யும் தவறு. ‘நர்ஸ் பற்றாக்குறை’ என்று எழுதினால் படிப்பவர் காதில் சம்பளப் பட்டியல்தான் விழும். நர்ஸ் போதவில்லை என்பது நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் காரணம். நடக்கிற கெடுதல் வேறு: படுத்த படுக்கையாக இருப்பவரை இரவில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வருவதில்லை, அதனால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் போகிறது. அதை எழுதுங்கள். அப்புறம் ஏன் புரட்டவில்லை என்று நாலு இரவு கூடவே நின்று பாருங்கள். நான் பார்த்தபோது, இருந்த இரண்டு பேரில் ஒருவர் மருந்து வாங்க ஃபார்மசிக்கும், சாம்பிள் கொடுக்க லேபுக்கும் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஆளைத் தனியாகப் புரட்ட முடியாது. எனக்குத் தேவைப்பட்டது நர்ஸ்தானா, ஒரு வார்டு உதவியாளரா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

அடுத்தது, எண்ணாமல் கேட்பது. எண்ணுவதிலும் பாதிப் பேர் ‘இந்த மாதம் 3, போன மாதம் 5’ என்று நிறுத்திவிடுகிறார்கள். போன மாதம் வார்டு நிரம்பி வழிந்திருக்கலாம், இந்த மாதம் காலியாக இருந்திருக்கலாம். அதனால்தான் ஆயிரம் நோயாளி-நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள்) எத்தனை என்று கணக்கிடுவது வழக்கம். 30 படுக்கை வார்டில் தினமும் சராசரியாக 25 பேர் இருந்தால் மாதத்துக்கு 750 நோயாளி-நாள். அதில் 3 புதுப் புண் என்றால் ஆயிரத்துக்கு 4. மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அங்கீகாரம் உள்ள இடம் என்றால் இந்தக் கணக்கை ஏற்கெனவே எங்கேயோ ஒரு ஃபைலில் யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த ஃபைலைத் தேடி எடுத்து, உங்கள் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் மீட்டிங்கில் சங்கடப்படப்போவது நீங்கள்தான்.

வீட்டிலிருந்தோ வேறு மருத்துவமனையிலிருந்தோ புண்ணோடு வருகிறவர்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அட்மிஷன் அன்றே முதுகைத் திருப்பிப் பார்த்து எழுதாவிட்டால் அந்தப் புண் உங்கள் வார்டின் கணக்கில்தான் விழும். யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்பதற்கு பிரேடன் அளவுகோல் இருக்கிறது. 1987-இல் வெளியானது, ஆறு அம்சங்கள், 6 முதல் 23 வரை மதிப்பெண், பெரும்பாலான இடங்களில் 18-உம் அதற்குக் கீழும் ஆபத்து என்று கொள்கிறார்கள். இதை ஒழுங்காகப் போட்டிருந்தாலே ‘எத்தனை பேரை இரவில் புரட்ட வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். தேடிப் பார்க்க ஆரம்பித்ததும் எண்ணிக்கை ஏறும். முன்பு யாரும் எழுதாத சிவந்த தோலெல்லாம் இப்போது பதிவாகிறது. மூன்று மாதம் கழித்து ‘பணம் கொடுத்த பிறகு புண் கூடியிருக்கிறதே’ என்று கேட்பார்கள். ஆகவே முதலில் ஓரிரு மாதம் சும்மா எண்ணுங்கள், அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு அப்புறம் கேளுங்கள். ஆரம்பத்தில் எண் ஏறும் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மே 12, செவிலியர் தினம் வந்தால் நாமெல்லாம் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை நினைத்து விளக்கு ஏற்றுகிறோம். 1854-இல் அவர் போர்க்கால மருத்துவமனைக்குப் போனதும் இரவில் விளக்கோடு சுற்றியதும் சரிதான். ஆனால் திரும்பி வந்து ஆட்சியாளர்களிடம் வாதாடியபோது அவர் கையில் இருந்தது வரைபடம். காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்தான் அதிக வீரர்களைக் கொன்றது என்பதை 1858-இல் மாதவாரியாக வரைந்து காட்டினார். அந்த வரைபடத்துக்கும் ஒரு விளக்கு ஏற்றலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். ப்ரபோசல்கள் அதிகம் தோற்பது இங்கேதான்.

‘படுக்கைப்புண் வந்தால் மருத்துவமனைக்கு நஷ்டம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். யாருக்கு நஷ்டம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். புண் வந்து எட்டு நாள் கூடுதலாகப் படுத்திருக்கிறார். குடும்பம் கையிலிருந்து கட்டுகிறது என்றால் அந்த எட்டு நாள் வாடகை, டிரெஸ்ஸிங், ஆன்டிபயாடிக் எல்லாம் பில்லில் ஏறும். மருத்துவமனைக்கு அதில் நஷ்டமே இல்லை. கசப்பான உண்மை, வருமானம்கூட. அதே பாட்டி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ ஆயுஷ்மான் பாரத்திலோ வந்திருந்தால், அந்த அறுவைச் சிகிச்சைக்கு நிர்ணயித்த பேக்கேஜ் தொகைதான். கூடுதல் எட்டு நாளும் மருத்துவமனையின் தலையில். அமெரிக்காவில் 2008 அக்டோபரிலிருந்து, மருத்துவமனையில் தங்கியபோது வந்த மூன்றாம், நான்காம் நிலை (தோலைத் தாண்டி ஆழமாகப் போன) படுக்கைப்புண்ணுக்குக் கூடுதல் பணம் தரமாட்டோம் என்று முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே நர்ஸுகளின் வாதம் பாதி வென்ற மாதிரிதான்.

நம் ஊரில் அந்தப் பாதியை நாமே உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். போன மூன்று மாதத்தில் புண் வந்தவர்களை எடுத்து, பேக்கேஜில் வந்தவர்கள் எத்தனை, தனியார் காப்பீடு எத்தனை, கையிலிருந்து கட்டியவர்கள் எத்தனை என்று பிரியுங்கள். பேக்கேஜ் ஆட்கள் அதிகம் என்றால் உங்கள் வாதம் அங்கே இருக்கிறது. கையிலிருந்து கட்டுகிறவர்களே அதிகம் என்றால் மிச்சம் பிடிக்கலாம் என்று வாதாடாதீர்கள், பொய்யாகிவிடும். பில்லைப் பார்த்துக் கவுண்டரில் சண்டை போட்ட குடும்பங்கள், தள்ளுபடி செய்த தொகை, வழக்குத் தொடருவோம் என்று வந்த கடிதம் ஆகியவற்றைக் காட்டுங்கள். தள்ளுபடித் தொகை அக்கவுண்ட்ஸில் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, படுக்கை நாளைப் பணமாக மாற்றுவது. ‘ஒரு நாள் வாடகை 4,000 ரூபாய், 50 நாள் குறையும், ஆகவே 2 லட்சம் மிச்சம்’ என்று எழுதுவோம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சிரிப்பார், அதில் நியாயமும் உண்டு. பாட்டி எட்டு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனாலும் நர்ஸ் சம்பளம், கட்டட வாடகை, மின்சாரம், ஜெனரேட்டர் எதுவும் குறைவதில்லை. சிகாகோவில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் செலவைப் பிரித்துப் பார்த்து 1999-இல் வெளியான ஆய்வில், சுமார் 84 சதவீதம் நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகிற நிலையான செலவு என்று வந்தது. நம் ஊர் விகிதம் வேறாக இருக்கும், விஷயம் அதேதான். உண்மையில் மிச்சமாவது டிரெஸ்ஸிங் சாமான், மருந்து, கல்ச்சர் டெஸ்ட் மாதிரியான செலவுகள். காலியாகும் படுக்கைக்கு மதிப்பு உண்டா என்பது அதற்காக யாராவது காத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. ஐ.சி.யூ.வில் இடம் இல்லை என்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த ஒரு நாள் தங்கம். பாதி காலியாகக் கிடக்கும் வார்டில் அதற்கு ஒன்றும் இல்லை. இதை நீங்களே முதலில் எழுதிவிட்டால், மிச்சம் இருக்கிற சின்ன எண்ணை அவர் நம்புவார்.

வெளிநாட்டு ஆய்வை அப்படியே தூக்கி வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 2002-இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து வந்த ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுதலாக இருந்தது. நல்ல ஆய்வு. ஆனால் ‘ஒரு நர்ஸ் போட்டால் நம்மிடம் 7 சதவீதம் இறப்பு குறையும்’ என்று அதிலிருந்து எழுதக்கூடாது. மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்ட தொடர்பு அது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2016-இல் பகலில் 4 பேருக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று விதி வந்தபோது, முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். கூடுதல் நர்ஸுக்கு ஆன செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் மிச்சமானது என்று 2021-இல் வெளியிட்டார்கள். இது வலுவான சான்று. இருந்தாலும் அங்கே பணம் கட்டுவது அரசு. மிச்சமும் அரசுக்கே போகிறது. இந்த ஆய்வுகளை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு உங்கள் வார்டின் எண்ணுக்கு வந்துவிடுங்கள்.

செலவைக் குறைத்துக் காட்ட வேண்டாம். ஒரு இடத்தில் 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் நிற்க ஒரு நர்ஸ் போதாது என்பது நமக்குத் தெரியும். நிர்வாகத்துக்குச் சொல்லாமல் விடுகிறோம். வருடத்துக்கு மூன்று ஷிஃப்ட் வீதம் 1,095 ஷிஃப்ட். வார விடுமுறை, மற்ற லீவெல்லாம் போக ஒருவர் 280 நாள் வருகிறார் என்றால் கிட்டத்தட்ட நான்கு பேர் வேண்டும். அதோடு ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், பயிற்சி. பாதியில் கூடுதல் பணம் கேட்டுப் போவதைவிட முதலிலேயே பெரிய எண்ணைச் சொல்லிவிடுவது நல்லது.

விட்டுப் போகிறவர்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள். இங்கிலாந்துக்குப் போக ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வகுப்பில் உட்காராத நர்ஸ் எந்த ஊரில் இருக்கிறார்? ஒருவர் போனால் புதிதாக வருகிறவர் தனியாக ஐ.சி.யூ. பார்க்கப் பல மாதம் ஆகும், அதுவரை இரண்டு சம்பளம். இரவில் இடுப்பு ஒடியத் தனியாக ஆளைப் புரட்டுவதும் அவர்கள் கிளம்ப ஒரு காரணம்தான். (சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பதைச் சில இடங்களில் ‘ஊழியர் தக்கவைப்பு’ என்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

டாக்டர்களிடம் சொல்லாமல் நேராக மேலே போவதும், குற்றப்பத்திரிகை மாதிரி எழுதுவதும் வினையாகும். 1847-இல் வியன்னாவில் ஒரு பிரசவப் பிரிவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் மருத்துவ மாணவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தபோது, அங்கே பிரசவித்த தாய்மாரின் இறப்பு ஏப்ரலில் சுமார் 18 சதவீதமாக இருந்தது, ஜூனில் சுமார் 2-க்கு இறங்கியது. அதைவிட நல்ல எண் நமக்குக் கிடைக்காது. ஆனாலும் அவர் காலத்து மருத்துவர்களில் பலர் ஏற்கவில்லை, பிற்பாடு அவர் எதிராளிகளைக் கொலைகாரர்கள் என்றே கடிதம் எழுதினார். எலும்பு டாக்டரும் அக்கவுண்ட்ஸ்காரரும் ப்ரபோசலை முதன்முதலில் மீட்டிங் அறையில் பார்க்கக் கூடாது. அதற்கு முன்பே ஒரு டீ குடித்துக்கொண்டு இருவரிடமும் காட்டித் திட்டு வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் பணமாக்கியே தீர வேண்டும் என்பதும் தவறுதான். படுக்கைகளுக்கு நடுவே திரைச்சீலை, வலி கேட்டு எழுதும் பழக்கம், இறந்துகொண்டிருப்பவருக்கு ஒரு தனி அறை: இவற்றில் மிச்சம் எதுவும் வராது. ‘இதில் லாபம் இல்லை, செலவு இவ்வளவு, இருந்தாலும் செய்ய வேண்டும்’ என்று ஒரே வரியில் எழுதுங்கள். அதற்கும் ஒரு பொய்க் கணக்குப் போட்டால், பக்கத்தில் இருக்கும் நிஜக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள்.

என் இரண்டாவது ப்ரபோசல் ஒரு பக்கம். ஒரு வார்டு, மூன்று மாதம், எண் குறையாவிட்டால் நிறுத்திவிடலாம் என்ற வரியோடு. நான்கு நர்ஸ் கேட்கவில்லை. இரவுக்கு இரண்டு வார்டு உதவியாளர், ஆறு ஏர் பெட், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியதைக் கட்டில் தலைமாட்டிலேயே எழுத ஒரு சார்ட். எம்.டி. அதே கேள்வியைத்தான் கேட்டார்.

“நாலு சார். ஒண்ணு வெளியில இருந்து வந்தது. மிச்ச மூணுல ரெண்டு பேக்கேஜ் கேஸ்.”

ஒரு உதவியாளரும் நான்கு ஏர் பெட்டும் கொடுத்தார். உதவியாளர் அடுத்த திங்கள்கிழமை வேலைக்கு வந்தார்.