கரண்டு போய் வந்த டிஸ்க்கில் அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் கரண்டு சட்டென்று போவது புதிதல்ல. 2017 ஒக்கி புயலில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ யுபிஎஸ் இல்லாமல் ஓடும் லினக்ஸ் சர்வர் இப்படி அணைந்தால், அடுத்து நடக்கும் பெரிய தவறு, என்ன கெட்டது என்று பார்க்காமலே, டிஸ்க்கைச் சோதித்துப் பழுது நீக்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை ‘-ஒய்’ போட்டு ஓட்டுவது. அது எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ சொல்லி, நீங்கள் படித்திருக்க வேண்டிய தடயங்களையும் மாற்றிவிடும். மவுன்ட் ஆகியிருக்கும் (சிஸ்டத்தோடு இணைந்து பயன்பாட்டில் இருக்கும்) பார்ட்டிஷனில் ஓட்டினாலோ, நன்றாக இருந்த டிஸ்க்கும் கெடும்.

பழுதான டிஸ்க்கையும் நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ (ddrescue) கொண்டு முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்து, அதன் நகலில் வேலை செய்யுங்கள். எஃப்எஸ்சிகே-யை முதலில் ‘-என்’ போட்டு ஓட்டினால் எதையும் மாற்றாமல் பிழைகளை மட்டும் சொல்லும்.

‘ஆர்ஓ’ (ro, படிக்க மட்டும்) என்று மவுன்ட் செய்தால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது என்று நம்புவதும் தவறு. லினக்ஸில் பரவலான ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 (ext4), மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலில் பாக்கி இருப்பதை அப்போதும் டிஸ்க்கில் எழுதி முடிக்கும். கூடவே ‘நோலோட்’ (noload) கொடுத்தால்தான் எழுதாது.

ஃபைல் சிஸ்டத்தின் உள்ளமைப்பைக் காட்டும் டீபக்எஃப்எஸ் (debugfs) தானாகவே படிக்க மட்டும் திறக்கும்; எழுதவும் அனுமதிக்கும் ‘-டபிள்யூ’வைத் தொடாதீர்கள். ஒவ்வொரு ஃபைலின் விவரங்களையும் வைத்திருக்கும் பதிவுதான் ஐநோடு (inode); அதன் எண்ணைக் கோண அடைப்புக்குள் கொடுத்து ‘ஸ்டாட்’ (stat) அடித்தால் லிங்க் எண்ணிக்கை, சைஸ், நேரங்கள், எக்ஸ்டென்ட் (டேட்டா இருக்கும் பிளாக் தொடர்கள்) பட்டியல் வரும். தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில், இப்போதுதான் எழுதிய ஃபைல் சைஸ் 0 என்று தெரியலாம். ஈஎக்ஸ்டி4 பிளாக் ஒதுக்குவதைத் தள்ளிப்போடுவதால் வருவது அது, பழுதல்ல. மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதவைக்கும் ‘சிங்க்’ (sync) அடித்து, டீபக்எஃப்எஸ்ஸை மூடித் திறந்து பாருங்கள். அந்த இடைவெளியில் கரண்டு போனால் 0 சைஸிலேயே நின்றுவிடும். டேட்டா டிஸ்க்குக்கே போகவில்லை, அதனால் எந்த ரிப்பேரும் அதை மீட்காது. பேக்கப்பைத்தான் தேட வேண்டும்.

‘ஸ்டாட்’ காட்டும் ‘டிடைம்’ (dtime, அழித்த நேரம்) 1970-ல் ஒரு தேதியைக் காட்டினால் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். அழித்த பின்னும் திறந்தே இருந்த ஃபைல்களை ஈஎக்ஸ்டி4 சங்கிலியாகக் கோக்கும்போது, அடுத்த ஐநோடின் எண்ணை அந்த இடத்தில்தான் வைக்கும். அதே பட்டியலில் வரும் ‘பிளாக்கவுன்ட்’ (Blockcount, ஃபைல் பிடித்திருக்கும் இடம்) 512 பைட் கணக்கு. 4096 என்று பெருக்கினால் எட்டு மடங்கு தப்பாகும்.

இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்று பிழை வந்தால், ஐநோடுகள் எத்தனை மீதம் என்று காட்டும் ‘டிஎஃப் -ஐ’ (df -i) பாருங்கள். ஃபார்மட்டின்போது பொதுவாக 16 கேபி-க்கு ஒரு ஐநோடு வீதமே ஒதுக்கப்படும். லட்சக்கணக்கில் சின்ன ஃபைல்கள் சேர்ந்தால் அது தீர்ந்துபோகும்.

ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக் கெட்டிருந்தால், 4 கேபி பிளாக்கில் முதல் நகல் பெரும்பாலும் 32768-ல் இருக்கும். எஃப்எஸ்சிகே-க்கு ‘-பி 32768’ (-b 32768) என்று கொடுங்கள். நகல் இருக்கும் இடங்களை அறிய ஃபார்மட் செய்யும் கட்டளையான எம்கேஇ2எஃப்எஸ்ஸை (mke2fs), செய்வதுபோல் காட்ட மட்டும் சொல்லும் ‘-என்’ போட்டு ஓட்டுவார்கள். ஃபார்மட் செய்தபோது கொடுத்த அதே பிளாக் அளவைக் கொடுத்தால்தான் எண்கள் பொருந்தும். அந்த ‘-என்’ விட்டுப்போனால் டிஸ்க் ஃபார்மட்டே ஆகிவிடும். எனவே இதையும் நகலில்தான் ஓட்ட வேண்டும்.