தேயிலைத் தொழிற்சாலைக்கான மின்பிறப்பாக்கி: எரிபொருளைக் கணக்கிடும் முறை

மின்தடையின்போது எவை நிற்கவே கூடாது என்பதை முதலில் தீர்மானியுங்கள். பறித்த கொழுந்தைக் காற்றூட்டி வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகள் நீண்ட நேரம் நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்து, அன்றைய பறிப்பே வீணாகும் என்பதால், அவற்றுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டீசல் மின்பிறப்பாக்கி ஓரளவு நிறைந்த சுமையில் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.28 லீற்றர் எரிக்கும். ஆகவே, 100 கிலோவாட் சுமைக்கு மணிக்கு 28 லீற்றரும், 24 மணிநேரத்துக்கு 672 லீற்றரும் தேவை. தாங்கியின் அடியில் தங்குவதையும் மேலே விடும் வெற்றிடத்தையும் சேர்த்து, ஒரு நாள் இருப்புக்கு 800 லீற்றர் கொள்ளளவு வையுங்கள். சுமை குறைந்தால் கிலோவாட் மணிக்கான செலவு கூடும்.

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், மெல்லிய காற்றில் இயந்திரத்தின் வலு குறையும்; உற்பத்தியாளரின் உயரத் திருத்த அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள்.

தென்மேல் பருவமழையில் மண்சரிவு வீதியை மறித்தால் எரிபொருள் கொண்டுவரும் பவுசர் வராது. 2022இன் எரிபொருள் வரிசைகளையும் நாம் மறக்கவில்லை. எனவே மே மாதத்துக்கு முன்பே மூன்று நாள் இருப்பைச் சேர்த்துவிடுங்கள். குளிரில் தாங்கிக்குள் நீர் படியும். அதை அடிக்கடி வடித்து, பழைய டீசலை முதலில் பயன்படுத்துங்கள்.