சிண்டரில் வால்யூம் டைப் அமைப்பது எப்படி? எஸ்எஸ்டியையும் ஹார்டு டிஸ்க்கையும் பிரித்துக் கொடுப்போம்

ஓப்பன்ஸ்டாக் (சொந்த சர்வர்களில் கிளவுட் அமைக்கும் மென்பொருள்) நிறுவி முடித்துவிட்டீர்கள், விர்ச்சுவல் மெஷின்களும் ஓடுகின்றன. அடுத்து டீமிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சர்வர்ல எஸ்எஸ்டியும் இருக்கு, பழைய ஹார்டு டிஸ்க்கும் இருக்கு. டேட்டாபேஸுக்கு எது, பேக்கப்புக்கு எதுன்னு நாங்களே தேர்ந்தெடுக்க முடியுமா?"

முடியும். அதற்குத்தான் வால்யூம் டைப். வால்யூம் என்பது விர்ச்சுவல் மெஷினில் மாட்டும் டிஸ்க், டைப் என்பது அதன் வகை. ஓப்பன்ஸ்டாக்கில் இந்த வேலையைப் பார்ப்பது சிண்டர். விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் நோவாவுக்குள் ஒரு பகுதியாக இருந்து, 2012-இல் ஃபோல்சம் வெளியீட்டில் தனியாகப் பிரிந்து வந்தது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். டைப்புக்கு "எஸ்எஸ்டி" என்று பெயர் வைப்பதால் மட்டும் வால்யூம் எஸ்எஸ்டியில் போய் உட்காராது. அந்தப் பெயர் மனிதர்கள் படிக்க. வால்யூம் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் பார்ப்பது, டைப்புக்குள் நீங்கள் எழுதும் எக்ஸ்ட்ரா ஸ்பெக்கை (கீ, வேல்யூ என்ற ஜோடியை). புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

படி 1: பேக்கெண்டுகள்

பேக்கெண்ட் என்பது வால்யூம்கள் உண்மையில் போய் உட்காரும் ஸ்டோரேஜ். எஸ்எஸ்டிக்கு ஒன்று, ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்று என இரண்டு எல்விஎம் வால்யூம் குரூப் (லினக்ஸில் டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) தயாராக இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிண்டரின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, டீஃபால்ட் பகுதியில் "எனேபிள்டு பேக்கெண்ட்ஸ்" வரியில் இரண்டு பெயர்களைக் காற்புள்ளி போட்டு எழுதுங்கள். பிறகு, அதே பெயர்களில் சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு தனிப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் எல்விஎம் டிரைவர், வால்யூம் குரூப்பின் பெயர், ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை இணைக்கும் முறை) விவரங்கள், கடைசியாக "வால்யூம் பேக்கெண்ட் நேம்".

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஃபைலில் அடிக்கும்போது மூன்று சொற்களும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு.

சிண்டர்-வால்யூம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஓப்பன்ஸ்டாக்கின் வெப் பக்கமான ஹொரைசனில் அட்மின் → சிஸ்டம் → சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போய், பிளாக் ஸ்டோரேஜ் சர்வீசஸ் டேபைப் பாருங்கள். ஹோஸ்ட் பெயருக்குப் பின்னால் அட் குறி, அதன்பின் பேக்கெண்ட் பெயர் என இரண்டு வரிகள் இருக்க வேண்டும், இரண்டும் "அப்" நிலையில். ஒன்று "டவுன்" என்றால் வால்யூம் குரூப்பின் பெயரை முதலில் சரிபாருங்கள்.

கோலா-ஆன்சிபிள் (ஓப்பன்ஸ்டாக்கை கன்டெய்னர்களில் நிறுவும் கருவி) வைத்து நிறுவியவர்கள் கன்டெய்னருக்குள் புகுந்து திருத்த வேண்டாம். அடுத்த ரீகன்ஃபிகரில் எல்லாம் போய்விடும்.

படி 2: டைப்

அட்மின் → வால்யூம் → வால்யூம் டைப்ஸ் → கிரியேட் வால்யூம் டைப். பெயரும் ஒரு வரி விளக்கமும் போதும். எஸ்எஸ்டிக்கு ஒரு டைப், ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு டைப். "பப்ளிக்" டிக்கை எடுத்துவிட்டால், நீங்கள் அனுமதிக்கும் புராஜெக்ட்டுகளுக்கு மட்டுமே அந்த டைப் தெரியும்.

படி 3: இரண்டையும் இணைப்பது

டைப்புக்கு எதிரே "வியூ எக்ஸ்ட்ரா ஸ்பெக்ஸ்", பிறகு "கிரியேட்". கீ என்ற இடத்தில் அதே "வால்யூம் பேக்கெண்ட் நேம்", வேல்யூவில் கான்ஃபிக் ஃபைலில் அந்த வரிக்குக் கொடுத்த பெயர். கையால் அடிக்காமல் காப்பி-பேஸ்ட் செய்யுங்கள். ஹைஃபன் இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு விழுந்தால்கூடப் பொருந்தாது. வால்யூம் நேராக "எரர்" நிலைக்குப் போகும். ஷெட்யூலர் லாக்கில் "நோ வெயிடு பேக்கெண்ட்ஸ் அவைலபிள்" என்று வரும். அதைப் பார்த்ததும் டிஸ்க்கில் இடமில்லை என்றுதான் பலர் நினைப்பார்கள். முதலில் இந்த எழுத்துகளைப் பாருங்கள்.

எக்ஸ்ட்ரா ஸ்பெக்கே போடாவிட்டால் எரர் வராது, அதுதான் இன்னும் ஆபத்து. இடமிருக்கும் எந்த பேக்கெண்டிலும் வால்யூம் போய் விழும். டீஃபால்ட் டைப்பும் அப்படித்தான். 2019-இல் வந்த டிரெயின் வெளியீட்டிலிருந்து டைப் இல்லாத வால்யூமே கிடையாது. யூசர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் டீஃபால்ட் ஒட்டிக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் டைப்பையே டீஃபால்டாக கான்ஃபிக் ஃபைலில் குறித்துவிடுங்கள் என்பேன்.

படி 4: சோதனை

ஒவ்வொரு டைப்பிலும் 1 ஜிபி வால்யூம் ஒன்று உருவாக்கி, அட்மின் → வால்யூம் → வால்யூம்ஸ் பக்கத்தில் ஹோஸ்ட் பத்தியைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? ஸ்டோரேஜ் சர்வரில் "எல்விஎஸ்" கட்டளை கொடுங்கள். வால்யூமின் ஐடி எந்த குரூப்புக்கு நேரே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வேகக் கட்டுப்பாடு வேண்டுமானால்

ஒரே மெஷின் டிஸ்க்கின் வேகம் முழுவதையும் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, வால்யூம் டைப்ஸ் பக்கத்தில் கியூஓஎஸ் ஸ்பெக் (வேக வரம்பு விதி) உருவாக்கி டைப்போடு இணைக்கலாம். கன்ஸ்யூமர் "ஃபிரன்ட்-எண்ட்" என்று வைத்தால், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசரே கட்டுப்படுத்தும். ஏற்கெனவே மாட்டியிருக்கும் வால்யூமுக்கு இது உடனே பொருந்தாது. கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்.

பழைய வால்யூமை எஸ்எஸ்டிக்கு மாற்ற "சேஞ்ச் வால்யூம் டைப்" இருக்கிறது. மைக்ரேஷன் பாலிசியை "ஆன் டிமாண்ட்" ஆக்குங்கள். "நெவர்" என்று விட்டால் வேறு பேக்கெண்டுக்கு நகராது. ஸ்னாப்ஷாட் இருக்கும் வால்யூமும் நகராது, ஸ்னாப்ஷாட்டுகளை முதலில் நீக்க வேண்டியிருக்கும்.

டைப் வாரியாகக் கோட்டா (பயன்பாட்டு வரம்பு) வைக்கவும் வழியுண்டு. டீஃபால்டில் அதற்கு வரம்பே கிடையாது. எஸ்எஸ்டி குறைவாக இருந்தால், டைப்பைத் திறந்துவிடும் முன் கட்டளை வரியில் ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஜிபி வரம்பைப் போட்டுவிடுங்கள்.