பத்மினி கதவின் அடியில் புதுத் தகடு வைப்பது

அப்பாவின் 1986 பிரீமியர் பத்மினி காரில் நான்கு கதவுகளுமே அடியில் அரித்துப்போயிருந்தன. முன்பு ஒரு பட்டறையில் துருவை எடுக்காமலே அதன்மேல் விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. மும்பை குர்லாவில் இந்த வண்டி தயாரிப்பு நின்று 20 வருடத்துக்கு மேலாகிறது. துருப்பிடிக்காத கதவு இப்போது குதிரைக்கொம்பு. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

கதவைக் கழற்றி, கண்ணாடி, பீடிங் (ஓர ரப்பர்), உள் அட்டை எல்லாம் எடுத்துவிட்டு, போர்வை விரித்த மேஜையில் படுக்க வையுங்கள். உள்பக்கம் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சுரண்டி எடுக்காமல் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

துணி சுற்றிய காந்தத்தை மெதுவாக ஓட்டுங்கள். பிடிப்பு தளர்கிற இடத்தில் பெயிண்டுக்குக் கீழே பட்டி இருக்கிறது. வெட்டும்போது துருவின் விளிம்போடு நிறுத்தாமல், பளபளவென்று நல்ல இரும்பு தெரிந்த பிறகும் ஓர் அங்குலம் மேலே போங்கள்.

அளவெடுக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். தகடு 20 கேஜ் சி.ஆர் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு), அதாவது சுமார் 0.9 மி.மீ. தடிமன். கீழே மடிப்பதற்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, மடிப்பின் உள்பக்கம் ஜிங்க் பிரைமர் அடித்துவிடுங்கள். பழைய தகட்டின்மேல் புதியது ஏறி உட்காரக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும். விளிம்போடு விளிம்பு சேர வேண்டும், வெல்டிங் கம்பி நுழையும் அளவு சந்து விட்டு.

அப்புறம்தான் பொறுமை வேண்டிய வேலை. சி.ஓ.டூ வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டுவது), 0.8 மி.மீ. கம்பி. இடது ஓரம் ஒரு பொட்டு, வலது ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று. கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். பிறகு அவற்றுக்கு இடையில் அடுத்த பொட்டு. ஒரே இழுப்பாக ஓட்டினால் தகடு சுருங்கி, கதவின் வயிறு எண்ணெய் டின் மாதிரி டொப் டொப்பென்று உள்ளே போய் வரும். என் முதல் கதவில் அப்படித்தான் ஆனது. பின்னால் டாலியை (முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி) அழுத்திப் பிடித்து, வெல்டிங் கோட்டின் மேல் மட்டும் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டினேன். சுருங்கிய இரும்பு நீண்டு கொடுத்தது. ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

கோட்டைத் தேய்த்து மட்டமாக்கி, அடி மடிப்பைத் தட்டி மூடுங்கள். மெல்லிய பருத்தித் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்து, கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புகிற மேடு பள்ளம் கைக்குத் தப்பாது. எபாக்ஸி பிரைமருக்கு மேல் பட்டி 2 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். தாண்டுகிறதென்றால் தட்டுகிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

கதவு அரித்ததற்குக் காரணமே அடியிலுள்ள வடிதுளைகளில் மண் அடைத்ததுதான். புதுத் தகட்டிலும் அதே இடங்களில் துளை போடுங்கள். பெயிண்ட் காய்ந்து கதவை மாட்டியதும், கண்ணாடிச் சந்து வழியே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, எல்லாத் துளையிலும் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.